ஃபார்மட் போடுவதற்கு முன்னால்: திடீரென்று மக்கர் செய்யும் வீட்டுக் கணினியை நாமே பார்ப்பது எப்படி

“கம்ப்யூட்டர் ஒரு வாரமா நத்தை மாதிரி போகுதுடா. இன்னிக்குக் காலையிலேர்ந்து ரெண்டு தடவை தானா அணைஞ்சு தானா வந்துச்சு. கடையில குடுத்து ஃபார்மட் போட்டுடவா?”

சித்தப்பா இப்படிக் கேட்டது ஒரு சித்திரை மாத மதியம். நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: “பேத்தி ஃபோட்டோவெல்லாம் வேற எங்கேயாவது இருக்கா சித்தப்பா?”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “டி டிரைவ்ல ஒரு காப்பி இருக்கே” என்றார்.

டி டிரைவில் இருப்பது காப்பி ஆகாது. நம் ஊரில் அசெம்பிள் செய்து தரும் கணினிகளில் சி, டி, ஈ என்று மூன்று டிரைவ் தெரியும். பெரும்பாலும் மூன்றும் ஒரே ஹார்ட் டிஸ்க்கைக் கூறுபோட்டதுதான். ஒரே வீட்டில் மூன்று அறை மாதிரி. வீடு இடிந்தால் மூன்றும் போகும்.

கணினி இரண்டு விதமாக மெதுவாகும். வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைவது ஒரு விதம். மென்பொருள்கள் பெருத்துக்கொண்டே போகின்றன, இயந்திரம் அப்படியே இருக்கிறது. அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. போன வாரம் வரை ஒழுங்காக ஓடியது திடீரென்று படுத்துக்கொள்வதும், கூடவே நின்று நின்று போவதும் இரண்டாவது விதம். இதில் பெரும்பாலும் ஏதோ ஒரு பாகம் பழுதாகிக்கொண்டிருக்கும்: டிஸ்க், ரேம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்), சூடு, மின்சாரம் ஆகிய நான்கில் ஒன்று. இல்லாவிட்டால் சமீபத்தில் உள்ளே வந்த ஏதோ ஒரு மென்பொருள். ஃபார்மட் போடுவது, அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது, இந்தக் கடைசிக் காரணத்துக்கு மட்டும்தான் மருந்து. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் விண்டோஸை முழுதாக மறுபடி எழுதினால் பத்து நாள் நன்றாக ஓடுவது போல் தோன்றும். பதினோராம் நாள் பழைய கதை. இடையில் ஃபோட்டோக்கள் போயிருக்கும், பழுதைக் கண்டுபிடிக்க உதவும் தடயங்களும் போயிருக்கும். கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. வாசலில் பத்து சிபியு வரிசையில் நிற்கும்போது ஒவ்வொன்றையும் அரை நாள் உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? நமக்கு இருக்கிறது.

நான் இங்கே சொல்வது விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் வீட்டுக் கணினிகளுக்கு. மேசைக் கணினியை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். லேப்டாப்புக்கு மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் எடுத்து வையுங்கள்

வெளியே இருக்கும் ஒரு டிஸ்க்கையோ பெரிய பென் டிரைவையோ செருகுங்கள். எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். மென்பொருள்களும் சினிமாக்களும் மறுபடி கிடைக்கும். திரும்பக் கிடைக்காதவை எவை என்று யோசியுங்கள்: ஃபோட்டோ, வீடியோ, ஸ்கேன் செய்து வைத்த பத்திரங்கள், சான்றிதழ்கள், கணக்குக் கோப்புகள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் என்ற நான்கு ஃபோல்டரிலும் கட்டாயம் பாருங்கள். டவுன்லோட்ஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த பாதிச் சமாச்சாரம் அங்கேதான் கிடக்கும்.

எது மிக முக்கியமோ அது முதலில். மொத்த டிரைவையும் இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பழுதான டிஸ்க்காக இருந்தால் நடுவில் ஒரு கோப்பில் சிக்கிக்கொண்டு விடிய விடிய அங்கேயே நிற்கும். ஒரு கோப்பு நகரவில்லை என்றால் அதைத் தாண்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

டிஸ்க்கிலிருந்து ‘டிக்... டிக்...’ என்று சீரான தட்டும் சத்தம் வருகிறதா? உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே எழுதும் முனை இடம் தெரியாமல் தடுமாறுகிறது என்று அர்த்தம். ஓடவிட ஓடவிடச் சேதம் கூடும். அதில் இருப்பது விலைமதிப்பற்றது என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம்தான் போக வேண்டும்.

விண்டோஸே வரவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பியில் இணைக்கும் சாட்டா கேபிள் ஒன்றை வாங்கி, இன்னொரு கணினியில் செருகிப் பார்க்கலாம். புது லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கலாம். அதைத் திறக்கும் 48 இலக்க எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி இன்னும் உயிரோடு இருக்கும்போதே அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

அந்தத் தாளிலேயே இன்னும் சில குறிப்புகள்

எப்போது நிற்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், நிற்கும்போது திரையில் என்ன தெரிந்தது, போன பத்து நாளில் என்ன மாறியது. இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லோரும் முதலில் “ஒண்ணுமே பண்ணலையே” என்றுதான் சொல்வார்கள். காபி குடித்துக்கொண்டே பேசினால் மெதுவாக வரும்: புது பிரிண்டர், பையன் இறக்கிய விளையாட்டு, பிடிஎஃப் மாற்ற இறக்கிய இலவச மென்பொருள், வெள்ளையடிக்க மேசையை நகர்த்தியது, போன வியாழன் இடி.

நிற்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. சுவிட்சை அணைத்தது போல் பட்டென்று கறுத்துப்போனால் சூட்டையும் மின்சாரத்தையும் சந்தேகப்படுங்கள். நீலத்திரை வந்து ஏதோ எழுதிக் காட்டினால் (2025இலிருந்து விண்டோஸ் 11இல் அந்தத் திரையே கறுப்பாகிவிட்டது) கோளாறை விண்டோஸே கவனித்து நிறுத்தியிருக்கிறது. அதற்கு ஒரு பெயரும் சொல்லும். மவுஸ்கூட நகராமல் உறைந்து, ஒரு நிமிடம் கழித்துத் திடுக்கென்று உயிர் வந்தால் என் முதல் சந்தேகம் டிஸ்க் மேல்தான்.

வேறு எதையும் தொடும் முன் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். “தினமும்தான் ஷட்டவுன் பண்றேனே” என்பீர்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. சீக்கிரம் விழிக்க வேண்டும் என்பதற்காக, ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்மையத்தைத் தூங்க மட்டுமே வைக்கும். முழுதாக இறங்கி ஏறுவது ரீஸ்டார்ட்டில்தான். நான் பார்த்த ஒரு கணினி, தினமும் அணைக்கப்பட்டும், 31 நாளாக விழித்திருப்பதாகக் கணக்குக் காட்டியது.

அப்புறம் ஒரு கட்டுப்பாடு: ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும். ரேமைத் துடைத்து, ஆன்டிவைரஸை நீக்கி, டிரைவரை (சாதனங்களை இயக்கும் மென்பொருளை) புதுப்பித்து, எல்லாவற்றையும் ஒரே மாலையில் செய்தால் எது சரிசெய்தது என்று தெரியாது. மோசமானாலும் எதனால் என்று தெரியாது.

டாஸ்க் மேனேஜர் என்ன சொல்கிறது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு (இங்கே பெட்டி இல்லை, பிராசஸர்), மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று பத்திகளும் அவற்றின் தலையில் சதவீதமும் தெரியும். கணினி திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைப் பார்க்க வேண்டும். நன்றாக இருக்கும்போது பார்த்துப் பயனில்லை.

முதலில் மெமரியை, அதாவது ரேமைப் பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேலே நிற்கிறதா? ரேம் போதாதபோது விண்டோஸ் சில விஷயங்களை டிஸ்க்கில் தற்காலிகமாக எழுதி வைத்துக்கொள்ளும், தேவைப்படும்போது எடுக்கும். அதனால் டிஸ்க் பத்தியும் கூடவே நூறைத் தொடும். இதைத் தெரியாமல் பாவம் டிஸ்க்கைக் குற்றம் சாட்டிவிடுவோம். விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் போதும் என்று போட்டிருக்கிறார்கள். அந்த 4 ஜிபியில் பிரவுசரைத் திறந்து எட்டு டேப் வைத்தாலே மூச்சு வாங்கும். 8 ஜிபி இருந்தால் வீட்டு வேலைக்குச் சமாளிக்கலாம். ஆனால் நேற்றுவரை போதுமாக இருந்த ரேம் இன்று திடீரென்று போதாமல் போகாது. போதவில்லை என்றால் எது தின்கிறது என்று மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கிப் பாருங்கள். பெரும் தீனிக்காரர் மேலே வருவார். பிரவுசர் என்றால் அதில் புதிதாக ஏறிய எக்ஸ்டென்ஷனைச் சந்தேகப்படுங்கள்.

மெமரி சாதாரணமாக இருக்கிறது, சிபியு மட்டும் நூறில் நிற்கிறது என்றால் எந்தப் பெயர் என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட், ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள் ஆகியவை அப்டேட் வந்த அன்று பலமாக வேலை செய்யும். ஒரு சாயங்காலம் அதன் போக்கில் விடுங்கள், அடங்கிவிடும். பெயர் புரியவில்லை என்பதற்காக எதையும் எண்ட் டாஸ்க் கொடுத்துக் கொல்ல வேண்டாம். புரியாத பெயர்களில் பாதிக்கு மேல் விண்டோஸின் சொந்தப் பிள்ளைகள்.

டிஸ்க் நூறு சதவீதம், ஆனால் கீழே எழுதும் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி மட்டுமே. மெமரியும் நிறையவில்லை. இப்படி வந்தால் விஷயம் சூடு பிடிக்கிறது. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் டிஸ்க்கைச் சொடுக்கினால் ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்று ஒரு எண் இருக்கும். கேட்டதை எடுத்துக் கொடுக்க எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்ற கணக்கு அது. நல்ல ஹார்ட் டிஸ்க்கில் வேலை நடக்கும்போது பத்து, இருபது என்று இருக்கும், எப்போதாவது நூறைத் தொடும். சித்தப்பாவுடையதில் நாலாயிரம் தாண்டியது. ஒரு துண்டுத் தகவலுக்கு நான்கு நொடி!

(அதே பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைச் சொடுக்கினால் அப் டைம் என்று தெரிவதுதான் மேலே சொன்ன விழித்திருக்கும் கணக்கு.)

டிஸ்க்கின் ஜாதகம்

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) எல்லாமே தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படித்துக் காட்ட கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் உண்டு. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரச் சுட்டிகளைத் தொட்டால் இருக்கிற தலைவலி போதாதென்று இன்னொன்றும் வரும்.

திறந்ததும் நீலத்தில் குட் என்றோ, மஞ்சளில் காஷன் என்றோ, சிவப்பில் பேட் என்றோ காட்டும். நீலத்தைப் பார்த்து நிம்மதியாக மூடிவிடாமல் கீழே இருக்கும் பட்டியலையும் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் மூன்று வரிசை முக்கியம். 05 என்பது கெட்டுப்போய் ஒதுக்கி வைக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் இடங்கள். சி6 என்பது சரிசெய்யவே முடியாதவை. இந்த மூன்றின் கடைசிப் பத்தியிலும் வெறும் சுழியங்களாக இருக்க வேண்டும். சுழியம் தவிர வேறு எண்ணோ எழுத்தோ தெரிந்தால், அதுவும் நாளுக்கு நாள் கூடினால், அந்த டிஸ்க் ஓய்வுபெறும் நேரம் வந்துவிட்டது. 01 வரிசையில் மட்டும் சில கம்பெனி டிஸ்க்குகளில் பெரிய எண் இருக்கும். அது அவர்கள் கணக்கு எழுதும் முறை, பயப்பட வேண்டாம்.

நான்காவதாக ஒன்று, சி7. பலரும் கவனிக்காமல் விடும் வரிசை இது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்துபோன தடவைகளை இது எண்ணுகிறது. மற்ற மூன்றும் சுழியமாக இருந்து இது மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் குற்றவாளி ஆகாது, இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான். மேசையை நகர்த்தியபோது தளர்ந்திருக்கலாம். ஒரு நண்பர் புது டிஸ்க்குக்குப் பணம் எடுத்து வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். கேபிளை மாற்றியதோடு முடிந்தது. ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: இந்த எண் ஏறியது இறங்காது. கேபிளை மாற்றிய பிறகு மேலும் ஏறாமல் நின்றுவிட்டதா என்றுதான் பார்க்க வேண்டும்.

‘செக் டிஸ்க் போட்டால் சரியாகிவிடும்’ என்று பலர் சொல்வார்கள். கோப்பு அமைப்பில் குழப்பம் என்றால் உதவும். ஆனால் சி5 ஏறிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் முழுச் சோதனை ஓட்டுவது, நெஞ்சுவலிக்காரரை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. ஃபோட்டோக்களை எடுத்து வைக்காமல் அதைச் செய்யாதீர்கள்.

இங்கேயே சி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்றும் பார்த்துவிடுங்கள். பட்டை சிவப்பாக இருந்தால் அப்டேட்டும் ஓடாது, தற்காலிகக் கோப்புகளுக்கும் இடமிருக்காது. மென்பொருள்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். பத்துப் பதினைந்து சதவீதமாவது காலியாக விடுங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் டெம்பரரி ஃபைல்ஸை நீக்கினாலே பல ஜிபி கிடைக்கும். நீக்கும்போது டவுன்லோட்ஸ் என்ற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் நுழைந்து கையால் எதையும் அழிக்க வேண்டாம்.

சூடு

சித்திரை வைகாசியில் எனக்கு வரும் அழைப்புகள் கூடும். காரணம் எளிது. கணினியின் விசிறி வெளியே இருக்கும் காற்றை இழுத்துத்தான் உள்ளே குளிர்விக்கிறது. அறையே 38 டிகிரி என்றால் பிராசஸருக்குக் கிடைப்பதும் அந்த 38 டிகிரிக் காற்றுதான். பிராசஸர்கள் பலவும் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைக்கும். அப்படியும் அடங்காவிட்டால் பட்டென்று அணைந்துவிடும். மெதுவாவதும் அணைவதும் ஒன்றாக வருவதற்கு இதுவும் ஒரு பொருத்தமான விளக்கம்.

கோர் டெம்ப் அல்லது எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பார்க்கலாம். நம் ஊர்க் கோடையில் சும்மா இருக்கும்போது 45, 50 டிகிரி என்பது பரவாயில்லை. கனமான வேலையில் 80, 85 வரை போகலாம். வீடியோ ஒன்றைப் பார்ப்பதற்கே 95ஐத் தொட்டால் உள்ளே காற்றுப் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கணினி மேசை என்று விற்பதில் சிபியுவுக்கென்று கதவு போட்ட ஒரு பெட்டி இருக்கும். பார்க்க லட்சணமாக இருக்கும்; கணினிக்கு அது அடுப்பு. முதலில் வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பலருக்கு இதோடு பிரச்சினை தீரும்.

தீராவிட்டால் திறந்து தூசி தட்ட வேண்டும். பிளக்கை உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, பெயின்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ்ஷாலோ புளோயராலோ சுத்தம் செய்யலாம். ஊதும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுழல விடாதீர்கள். வாக்குவம் கிளீனரை உள்ளே விடுவதை நான் தவிர்ப்பேன். அதன் முனையில் சேரும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கக்கூடும். கவனம் இருக்க வேண்டியது விசிறிக்கு அடியில். அலுமினியத் தகடுகளின் இடுக்கில் தூசி போர்வை மாதிரி படிந்திருக்கும். மேலே பளபளவென்று துடைத்துவிட்டு அந்தப் போர்வையை அப்படியே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே பல்லி முட்டையோ எறும்புப் புற்றோ கிடைத்தால் அதிர்ச்சி வேண்டாம். நம் வீடுகளில் கணினி என்பது பலரும் வாழும் இடம்.

பல இன்டெல் மேசைக் கணினிகளில் கூலரை நான்கு பிளாஸ்டிக் கால்கள் மதர்போர்டோடு பிடித்திருக்கும். அவற்றில் ஒன்று எகிறியிருந்தாலும் கூலர் பிராசஸரில் சரியாக உட்காராது. லேசாக ஆட்டிப் பார்த்தாலே தெரியும். தெர்மல் பேஸ்ட் (பிராசஸரிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்திருந்தால் பழையதைத் துடைத்துப் பட்டாணி அளவு புதிது வைக்க வேண்டும். முதல்முறை செய்பவர் இதைத் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. லேப்டாப் என்றால் படுக்கை, தலையணை மேல் வைத்து ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ அது பேட்டரி வீக்கம். சார்ஜரை எடுத்துவிட்டு, அணைத்து, மாற்றும்வரை தொடாதீர்கள். தீப்பிடிக்கக்கூடிய விஷயம்.

மின்சாரமும் ரேமும்

யூபிஎஸ் பேட்டரிக்கு ஆயுசு இரண்டு மூன்று வருடம். அது செத்துப்போனபின், மின்சாரம் கண் சிமிட்டும் ஒவ்வொரு தடவையும் கணினி அணைந்து எழும். மின்சாரம் நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்து, யூபிஎஸ்ஸைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். நின்றுபோவது நின்றால் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

அதுவும் இல்லை, விளையாட்டுப் போன்ற கனமான வேலை தொடங்கிய கையோடு அணைகிறது, வெப்பநிலையும் ஒழுங்காக இருக்கிறது என்றால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மேல் சந்தேகம் விழும். பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரையில்) 12 வோல்ட் என்ற இடத்தில் 11.4க்கும் 12.6க்கும் நடுவே இருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். வேறொரு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பார்ப்பதுதான் வழி. மதர்போர்டில் நின்றுகொண்டிருக்கும் சின்ன உருளைகளின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால், அந்த போர்டில் மேலும் பணம் போடுவதற்கு முன் யோசியுங்கள்.

ரேமுக்குக் கடைக்காரர்கள் செய்யும் வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்யும். கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். தொடுமுன் கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டார்ட்டில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ரேமில் ‘பரவாயில்லை’ என்று ஒன்று கிடையாது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டி ஒரு நாள் ஓட்டினால் எது கெட்டது என்று தெரியும்.

நீலத்திரை சொல்லும் பெயர்

ஸ்டார்ட்டில் ரிலையபிலிட்டி என்று அடித்தால் வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று வரும். விண்டோஸில் உள்ள அருமையான கருவி, யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருக்கிறது. நாள்வாரியாக எது எப்போது நின்றது என்று சிவப்புக் குறியோடு காட்டும். அந்த நாளில் என்ன மென்பொருள் ஏறியது என்பதும் அதே வரிசையில் கிடைக்கும். தாளில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மென்பொருள் ஏறிய மறுநாளிலிருந்து சிவப்புக் குறிகள் தொடங்கினால் அதை நீக்கிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவருக்குப் போனவர்கள் ‘கெர்னல் பவர் 41’ என்பதைப் பார்த்துவிட்டு நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பார்கள். ‘ஒழுங்காக அணைக்காமல் நின்றுபோனேன்’ என்பது மட்டும்தான் அதன் பொருள். அது நமக்கே தெரியும்.

நீலத்திரையில் வரும் பெயரை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். மெமரி மேனேஜ்மென்ட் என்று வந்தால் ரேமைச் சோதியுங்கள். கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர் வந்தால் பெரும்பாலும் டிஸ்க். வியா அன்கரெக்டபிள் எரர் என்பது வன்பொருளே புகார் கொடுப்பது. சூடு, மின்சாரம், பிராசஸர் என்று பாருங்கள். வீடியோ டிடிஆர் என்று தொடங்கினால் கிராஃபிக்ஸ் டிரைவர். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் நான் ரேமைத்தான் முதலில் கழற்றுவேன்.

எல்லாப் பழுதும் நம் வீட்டில் பிறப்பதில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. அதனால் சமீபத்திய அப்டேட் மேல் சந்தேகம் இருந்தால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் போய் அதை நீக்கிப் பார்ப்பது தவறில்லை.

விண்டோஸ் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட். அங்கே அவசியமான டிரைவர்கள் மட்டும் ஓடும். சேஃப் மோடில் மணிக்கணக்கில் ஒழுங்காக இருந்தால் மென்பொருள் பக்கம் தேடுங்கள். அங்கேயும் விழுந்தால் பெரும்பாலும் வன்பொருள்தான்.

வைரஸ்

எல்லோரும் முதலில் கேட்பது இதை. நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு: திடீர் நிறுத்தங்களுக்கு வைரஸ் காரணமாக இருந்ததை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கால் மணி நேரத்தில் முடியும். இரண்டு ஆன்டிவைரஸ் ஏற்றியிருந்தால் ஒன்றை நீக்குங்கள், இரண்டும் ஒன்றையொன்று கண்காணித்தே கணினியைத் தின்றுவிடும். கிராக் செய்த மென்பொருள் ஏதாவது சமீபத்தில் ஏறியிருந்தால் அதை நீக்கிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று துள்ளுவது பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு நாம் அலோ கொடுத்ததன் பலன். பிரவுசரின் நோட்டிஃபிகேஷன் பட்டியலில் அந்தத் தளத்தை நீக்கினால் போய்விடும். அதில் ஃபோன் எண் கொடுத்திருந்தால் கூப்பிடவே கூடாது. மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் ஃபோன் எண் வராது.

ஃபார்மட் எப்போது?

டிஸ்க், ரேம், சூடு, மின்சாரம் நான்கும் சுத்தம், சேஃப் மோடில் ஒழுங்காக ஓடுகிறது, காரணமான மென்பொருள் மட்டும் பிடிபடவில்லை. அப்போது போடலாம், தாராளமாக. முதலில் செட்டிங்ஸில் ரிக்கவரி பகுதியில் ‘ரீசெட் திஸ் பிசி’ கொடுத்து, கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மென்பொருள்கள் போகும், உங்கள் கோப்புகள் இருக்கும். முழுதாகப் புதிதாக ஏற்றுவதானால் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலும் 8 ஜிபி பென் டிரைவும் போதும்.

டிஸ்க்தான் பழுது என்றால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி வாங்குங்கள். சுழலும் பாகம் இல்லாததால் தேடி எடுக்கும் நேரம் அதில் மிகக் குறைவு. பழைய கணினியே புதிதாக வாங்கியது போல் தோன்றும். இன்னொரு கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்கள் பெரும்பாலும் அதன் பட்டியலில் இல்லை. அப்படிப்பட்ட கணினியில் பாட்டுக் கேட்பதும் வலை பார்ப்பதும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிவிடலாம்.

சித்தப்பா வீட்டில் சி5 வரிசையில் சுழியம் இல்லை. ஒரு ராத்திரி முழுக்க ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்தோம். காது குத்தின நாளின் பதினோரு ஃபோட்டோ மட்டும் கடைசிவரை வரவில்லை. அவை சித்தியின் ஃபோனில் இருந்தன, நல்லவேளை. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் இன்னொரு 4 ஜிபி ரேமும் மாட்டியதோடு கணினி எழுந்துகொண்டது. பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடச் சொன்னேன். அடுத்த முறை போனபோது அது ஒரு மஞ்சள் பையில் சுற்றி அலமாரியில் இருந்தது. மேலே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘ஃபோட்டோ காப்பி’.